வான்காசும் அத்திச் சக்கையும்

ஆமையாரின் வளை வாசலில் கொம்பையா என்னும் இருவாச்சிப் பறவை விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தான்.

“ஆமையாரே! நான் குடுத்து வச்ச குன்றிமணியில கொஞ்சம் எடுத்துத் தாரும்! அத்திப்பழம் வாங்கணும்!”

ஆமையார் மெதுவாகக் கழுத்தை நீட்டினார். வெயிலைப் பார்த்தார். கொம்பையாவைப் பார்த்தார்.

“நாளைக்கு வாடே.”

“நேத்தும் இதைத்தானே சொன்னீரு!”

“நேத்துச் சொன்னது நேத்தைக்கு. இது இன்னைக்கு” என்றார் ஆமையார். கழுத்து உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு ஓட்டைத் தட்டிப் பார்த்தாலும் பதில் இல்லை.

அந்தக் காட்டில் குன்றிமணிதான் பணம். சிவப்பும் கறுப்புமான அந்த விதையைக் கொடுத்தால் பழம் கிடைக்கும், கிழங்கு கிடைக்கும், மழைக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். குன்றிமணிக் கொடி ஆமையாரின் வேலிக்குள் மட்டும்தான் இருந்தது. சம்பாதித்ததைப் பத்திரமாக வைப்பதற்கும் ஆமையாரின் வளைதான். பத்து கொடுத்து வைத்தால் ஒன்பது திரும்ப வரும். மிச்சம் ஒன்று ஆமையாரின் காவல் கூலி. திருடன் வந்தால் ஆமையார் என்ன செய்வார் என்று யாரும் கேட்டதில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொம்பையாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனதும் சிறகுகளும் உதிர்ந்துவிடும். குஞ்சு தேறும்வரை அதனால் வெளியே வர முடியாது, வந்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டுவதுதான் சாப்பாடு. அவன் வராவிட்டால் உள்ளே இருப்பவர்களின் கதி அவ்வளவுதான்.

கொம்பையாவின் மனைவி பேச்சியம்மாள் அப்படித்தான் பொந்துக்குள் இரண்டு முட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். இந்தக் காலத்துக்காகத்தான் கொம்பையா வருஷம் முழுவதும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாமான் சுமந்து குன்றிமணி சேர்த்திருந்தான். காட்டில் இருந்த ஒரே அத்திமரம் உலகம்மாள் என்ற மந்தியின் குடும்பச் சொத்து. காசு கொடுக்காமல் அதில் ஒரு காயைக்கூடத் தொட முடியாது.

கொம்பையா ஆமையாரின் ஓட்டை ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் திரும்பினான். அப்போது இலுப்பை மரத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“வேய் கொம்பையா! உம்ம சொத்தை உம்மகிட்டத் திருப்பிக் குடுக்க அந்த ஓட்டுக்காரருக்கு மனசு வருதா, பாத்தீரா?”

பேசியது பழந்தின்னி வௌவால். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இறக்கையைப் போர்வை மாதிரி போர்த்தியிருந்தான். காட்டுக்குப் புதியவன். எங்கிருந்து வந்தான், அங்கிருந்து ஏன் கிளம்பினான் என்று யாரும் விசாரிக்கவில்லை. பேச்சு இனிப்பாக இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

“வயிறு எரியுது வௌவாலாரே!”

“எரியத்தான் செய்யும்! பத்துக்கு ஒண்ணை அவரு எடுத்துக்கிடுதாரு. கொடியும் அவரு வேலிக்குள்ளதான் இருக்கு. பத்தலேன்னா நாலு காயை உடைச்சுப் புதுசா எடுத்துக்கிடுவாரு. நீரு இறக்கை ஓயச் சொமந்து சேத்ததுக்கு என்ன மதிப்பு?”

இவ்வளவும் உண்மை. அதுதான் சங்கடமே. ஏமாற்றுகிறவன் முதலில் சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்.

“அப்ப நான் என்ன செய்யணும்?”

“வான்காசுக்கு மாறும்!”

“வான்காசா? அது எங்க இருக்கு?”

“எங்கயும் இருக்கு!”

“கண்ணால பாக்க முடியுமா?”

“காத்தைக் கண்ணால பாத்துட்டா மூச்சு விடுதீரு?”

தனக்குப் பதில் தெரியாத கேள்வி என்பதால் அது பெரிய அறிவாகத்தான் இருக்கும் என்று கொம்பையா நினைத்துக்கொண்டான்.

வௌவால் விளக்கினான். வான்காசுக்கு விதையும் கிடையாது, வளையும் கிடையாது. யாரிடம் எத்தனை இருக்கிறது என்பதைக் காட்டிலுள்ள எல்லா மைனாக்களும் மனப்பாடமாக வைத்திருக்கும். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால், ஒரு மைனா கத்தும். அதைக் கேட்டு எல்லா மைனாவும் கத்தும். காடு முழுக்கத் தெரிந்துவிடும். கொடுப்பதற்கு முன்னால் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியக் குரலை மைனாவின் காதில் சொல்லவேண்டும். அந்தக் குரலை மறந்துவிட்டால் காசும் போய்விடும்.

“ஆமையாரு ஒருத்தரு பொய்க் கணக்குச் சொல்லலாம். அத்தனை மைனாவும் ஒண்ணாச் சேந்து பொய் சொல்லுமா?” என்று கேட்டான் வௌவால்.

“சொல்லாது!”

“அம்புட்டுத்தான் விஷயம்!”

“எல்லாம் சரி. ஏதாவது கோளாறு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

“யாருமே பொறுப்பு கிடையாது! அதுதானே வேய் இதுல விசேஷம்! இங்க நீரு யாரையும் நம்பவே வேண்டாம்!”

“அடடா!” என்றான் கொம்பையா. அந்தப் பதிலை அவன் அப்போதே ஒருமுறை நிதானமாக மென்று பார்த்திருக்கலாம். அவசரத்தில் அப்படியே விழுங்கிவிட்டான்.

“ஒரு வான்காசு என்ன விலை?”

“அஞ்சு குன்றிமணி.”

“குன்றிமணி ஒழியணும்னு இப்பத்தானே சொன்னீரு?”

“ஒழியத்தான் வேணும்! அதனாலதான் எல்லாத்தையும் எங்கிட்டக் குடுத்துரணும்னு சொல்லுதேன்!”

மறுநாள் கொம்பையா போட்ட கூச்சலில் ஆமையார் தலையை வெளியே நீட்டியே ஆகவேண்டியிருந்தது. கூலி போக மிச்சத்தை எண்ணிப் போட்டார். கொம்பையா பழச் செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, இருநூறு குன்றிமணியை இலையில் பொதிந்து வௌவாலிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“கொம்பையாவுக்கு நாப்பது வான்காசு!” என்று ஒரு மைனா கத்தியது.

“கொம்பையாவுக்கு நாப்பது வான்காசு!” என்று காடு முழுக்க மைனாக்கள் கத்தின. கொம்பையாவுக்குப் புல்லரித்துவிட்டது. இதுவரை அவன் பெயரை இத்தனை பேர் சொன்னதில்லை.

நேரே பொந்துக்குப் பறந்தான்.

“ஏளா பேச்சி! கேட்டியா, கேட்டியா?”

கீறல் வழியாக அலகு வெளியே வந்தது. “கேட்டேன். காது செவிடாப் போச்சு. அத்திப்பழம் எங்க?”

“பழத்தை விடுளா! நம்மகிட்ட நாப்பது வான்காசு இருக்கு!”

“அது எப்படி இருக்கும்?”

“கண்ணுக்குத் தெரியாது.”

“குன்றிமணி?”

“அதைக் குடுத்துத்தான் இதை வாங்கினேன்.”

அலகு இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டது.

“கண்ணுக்குத் தெரியுததைக் குடுத்துட்டு, கண்ணுக்குத் தெரியாததை வாங்கியிருக்கீக. சரி. அதைக் குடுத்தா ஒரு அத்திப்பழம் தருவாகளா? அதை மட்டும் சொல்லுங்க!”

“நீ பொந்துக்குள்ள இருக்கே. ஒனக்கு ஒலகம் தெரியாது” என்றான் கொம்பையா.

அந்தப் பதிலோடு அவன் பறந்துபோனான். போன இடம் காட்டோரத்தில் நின்ற ஒற்றைப் பனை. வான்காசின் விலை அங்கேதான் தெரியும். வௌவால் ஓர் ஓணானை அந்தப் பனையில் ஏற்றிவிட்டிருந்தான். யாராவது வான்காசு வாங்கினால் ஓணான் ஒரு முழம் மேலே ஏறும். யாராவது விற்றால் ஒரு முழம் கீழே இறங்கும். வாங்குகிறவர்கள் நிறைய, விற்கிறவர்கள் யாருமில்லை என்பதால் ஓணான் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறும்போது தலையை வேறு ஆட்டியது. ஓணான் எப்போதும் தலையாட்டும். ஆனால் பனையில் உட்கார்ந்து ஆட்டியபோது எல்லோருக்கும் அது நம்பிக்கை தருவதாக இருந்தது.

காடே பனைக்கடியில் கூடிவிட்டது. தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு வேலையை நிறுத்திவிட்டு வந்தது. மான்கள் புல்லை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றன. சிறுத்தை வந்து வேடிக்கை பார்க்கிற கூட்டத்திலேயே ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற மான், “போன ஆளு ரொம்பக் கொறைஞ்ச விலையில வாங்கினவன், பாவம்!” என்று வருத்தப்பட்டது. நேற்றுவரை கிழங்கு தோண்டத் தெரியாதவர்கள்கூட, “இன்னும் ரெண்டு முழம் ஏறினதும் மூச்சு வாங்கும், அதுக்கப்புறம் சும்மா பறக்கும்!” என்று விளக்கம் சொன்னார்கள்.

காட்டுப்பன்றி ஒன்று தன் ரகசியக் குரலை மறந்துவிட்டது. ஐம்பது வான்காசு வைத்திருந்த பணக்காரப் பன்றி. மைனாவின் காதருகே போய் உறுமிப் பார்த்தது. செருமிப் பார்த்தது. கடைசியில் இருமியும் பார்த்தது.

“இது இல்ல” என்றது மைனா.

“நான்தான் அந்தப் பன்னின்னு ஒனக்கே தெரியுதுல்லா!”

“தெரியுது. ஆனா குரல் தெரியணும்.”

“யாருகிட்டப் போய்ச் சொல்ல?”

“சொல்லுததுக்குத்தான் யாரும் இல்லியே!” என்றது மைனா பெருமையோடு.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நரியிடம் கொம்பையா கேட்டான், “நீரு வாங்கலியா?”

“எனக்கு இந்தத் தொழில் தெரியாதுடே” என்றது நரி. “நான் ஆட்டைத் திருடுனா, நாயி தொரத்தும். முள்ளு மேல ஓடணும். இவரு தொங்குத இடத்துல தொங்கிக்கிட்டே இருக்காரு. ஆடு தானா வந்து, பொட்டலம் கட்டிக் குடுத்துட்டு, நன்றியும் சொல்லிட்டுப் போவுது!” நரியின் குரலில் நிஜமான மரியாதை இருந்தது. கொம்பையா அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டான்.

அவன் பழச் செலவுக்கு ஒதுக்கியதையும் ஒருநாள் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து பேச்சியம்மாளுக்கு அத்திப்பழம் நின்றது. வழியில் அகப்படும் வண்டு, புழு, காய்ந்த காய் என்று எதையாவது கொண்டுபோய்த் திணித்துவிட்டு, பனைக்குத் திரும்பிவிடுவான்.

“இன்னைக்கு நம்ம சொத்து நாலு மடங்கு தெரியுமா?” என்றான் ஒருநாள்.

“நாலு மடங்கா? அப்ப நாலு பழம் கொண்டாங்க!”

“கூறு கெட்டவளே! நாளைக்கு அஞ்சு மடங்கு ஆகப்போறதை எவனாவது இன்னைக்குச் செலவழிப்பானா?”

“நாளைக்கு அஞ்சு ஆனா, நாளைக்குச் செலவழிப்பீகளா?”

“நாளன்னைக்கு ஆறு ஆகுமே!”

“அப்ப இது பசியாத்த வந்த காசு இல்ல. பசியைத் தள்ளிப்போட வந்த காசு” என்றாள் பேச்சியம்மாள். அவளுடைய அலகு கீறலுக்குள் திரும்பிப் போனது. அது முன்னைவிட மெலிந்திருந்ததைக் கொம்பையா கவனிக்கவில்லை. கவனித்தாலும் அவனுக்கு ஓணான்தான் தெரிந்திருக்கும்.

ஆனாலும் அந்த வார்த்தை உறுத்தியது. ஒரு வான்காசைக் கொடுத்துப் பழம் வாங்கிவிடலாம் என்று உலகம்மாளின் அத்திமரத்துக்குப் போனான்.

“ஒலகம்மா! ரெண்டு பழம் குடு. வான்காசு தாரேன்.”

“வான்காசா? வேண்டாம் அண்ணாச்சி. குன்றிமணி குடுங்க.”

“ஏன்? நீ வான்காசை நம்பலியா?”

“யாரு, நானா? என் சொத்து பூராவும் வான்காசுதான்!”

“பெறகு என்ன?”

“இன்னும் வாங்கணும்லா! வௌவாலாரு குன்றிமணி குடுத்தாத்தானே வான்காசு தாராரு!”

ஏதோ இடிக்கிறது என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஓணான் இன்னொரு முழம் ஏறியது. பனைக்கடியில் ஆரவாரம் கேட்டது. இருவருக்கும் தோன்றியது மறந்துபோய்விட்டது.

உலகம்மாளின் பழங்களைக் குன்றிமணி கொடுத்து வாங்க அந்தக் காட்டில் ஒரே ஒருவன்தான் மிச்சமிருந்தான். அந்தியில் வௌவால் வருவான். காட்டார் கொடுத்த குன்றிமணியில் கொஞ்சத்தை உலகம்மாளிடம் கொடுப்பான். மரத்தில் பழுத்த பழத்தையெல்லாம் தின்பான். மறுநாள் உலகம்மாள் அதே குன்றிமணியை எடுத்துக்கொண்டு போய் அவனிடமே வான்காசு வாங்குவாள். பழமும் அவனுக்கு, குன்றிமணியும் அவனுக்கு. நல்ல வியாபாரம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அதில் ஒருவர் நினைத்தது சரி.

பிறகு கோடை மழை வந்தது.

மழையில் அணில் ஒன்றின் கூடு ஒழுகியது. வேறு பொந்துக்கு வாடகை கொடுக்கக் குன்றிமணி வேண்டும். அணில் பத்து வான்காசை விற்றது. ஓணான் ஒரு முழம் இறங்கியது. அதைப் பார்த்து முயலும் விற்றது. ஓணான் இன்னும் கீழே வந்தது.

“வௌவாலாரே! எறங்குதே! எறங்குதே!” என்று கொம்பையா இலுப்பை மரத்துக்கு ஓடினான்.

வௌவால் கொட்டாவி விட்டான். “எங்க எறங்குது?”

“அந்தா, பாருமே! கீழ வருது!”

“நீரு நிமிந்து நின்னுக்கிட்டுப் பாக்கீரு. அதான் அப்படித் தெரியுது. என்னைப் போலத் தொங்கிப் பாரும்!”

கொம்பையா கிளையைக் காலால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான். கனத்த அலகு பூமியை நோக்கி இழுத்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. பனையைப் பார்த்தான். அட! ஓணான் ஏறிக்கொண்டிருந்தது!

“ஏறுதுடே! ஏறுது!” என்று கத்தினான்.

அவ்வளவுதான். காடு முழுக்கத் தலைகீழாகத் தொங்கத் தொடங்கியது. அணில்கள் வாலைச் சுற்றித் தொங்கின. குரங்குகளுக்குப் பழக்கம் என்பதால் அவை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. முயல் தன்னை ஒரு கொடியில் கட்டிக்கொண்டு தொங்கியது. குரல் மறந்த பன்றியும் ஏற முயன்று, கிளையோடு விழுந்து, “நல்லா ஏறுது, நானும் பாத்தேன்!” என்றது. நேராக நின்றவர்களைப் பார்த்து, “பழைய காலத்து ஆளுங்க!” என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆமையார் மட்டும் நேராக இருந்தார். அவரை மல்லாக்கப் புரட்டிப்போட்டுவிட்டு அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பொந்துக்குள்ளிருந்து இரண்டு புதுக் குரல்கள் கேட்டன. கிச் கிச் என்று மெல்லிய குரல்கள்.

“வந்துட்டாகளா?” கொம்பையா பொந்துக்குத் தாவினான். கீறலில் கண்ணை வைத்துப் பார்த்தான். இறகில்லாத இரண்டு சிவந்த உடம்புகள். இரண்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது.

பேச்சியம்மாள் இப்போது கேலி பேசவில்லை. “எனக்கு ஒண்ணும் வேண்டாம். இதுகளுக்குப் பழம் வேணும். இதுகளுக்கு வண்டு செரிக்காது. இன்னைக்கே வேணும்” என்றாள்.

கொம்பையா முதல்முறையாக ஓணானைப் பார்க்காமல் பனையைத் தாண்டிப் பறந்தான். நேரே வௌவாலிடம் போய் நின்றான்.

“என் காசை எல்லாம் வித்துரும்! குன்றிமணி குடும்!”

தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் இதைக் கேட்டது. கொம்பையா முதல் ஆளாக வாங்கியவன். அவனே விற்கிறானா? ஒவ்வொருவராகக் காலைக் கிளையிலிருந்து விடுவித்துக்கொண்டு கீழே குதித்தார்கள். நேராக நின்று பனையைப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் அலறினார்கள்.

“என்னுதையும் வித்துரும்!”

“எனக்கு மொதல்ல!”

“நான்தான் மொதல்ல!”

ஓணான் இறங்கவில்லை. சறுக்கியது. பனையின் அடிக்கு வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தது. தலையை ஒருமுறை ஆட்டியது. பிறகு புதருக்குள் ஓடிவிட்டது. அது கடைசியாக எதற்குத் தலையாட்டியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

“வௌவாலாரே! எங்க குன்றிமணி எங்க?”

“அந்தப் பழைய குப்பையா? அதைத்தான் நாம ஒழிக்கணும்னு முடிவு பண்ணினோமே. தெனம் அந்தியில ஒரு பொட்டலமாக் கட்டி, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுட்டேன்.”

“என் புள்ளைக பட்டினி கெடக்குதுவேய்!” என்று கொம்பையா கத்தினான். “இதுக்கு யாரு பொறுப்பு?”

வௌவால் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “என்ன வேய், மொதநாளே கேட்டீரே! நானும் மறைக்காமச் சொன்னேனே! யாருமே பொறுப்பு கிடையாதுன்னு! நான் ஒரு பொய்யாவது சொன்னேனா?”

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். அவன் சொல்லவில்லைதான்.

வௌவால் போர்த்தியிருந்த இறக்கையை விரித்தான். அப்போதுதான் அவனுடைய வயிறு எல்லோர் கண்ணிலும் பட்டது. பொங்கல் பானை மாதிரி இருந்தது. கிளையை விட்டான், மலைக்கு அந்தப் பக்கம் பறந்தான். அங்கே குன்றிமணியும் இருந்தது, வான்காசைப் பற்றிக் கேள்விப்படாத இன்னொரு காடும் இருந்தது.

கொம்பையா அத்திமரத்துக்குப் பறந்தான். “ஒலகம்மா! கடனாக் குடு! ஒரே ஒரு பழம்! பெறகு சொமந்து தீத்துடுதேன்!”

உலகம்மாள் மரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். “இருந்தாத் தரமாட்டேனா அண்ணாச்சி? மேல பாருங்க.”

மரத்தில் இலைதான் இருந்தது. பழமெல்லாம் வௌவாலின் வயிற்றோடு போய்விட்டது.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போய்ப் பழம் தேட மழை விடவில்லை. கொம்பையா தாழப் பறந்து பறந்து தேடினான். இலுப்பை மரத்தடியில் ஏதோ கிடந்தது. இறங்கிப் பார்த்தான். பழந்தின்னி வௌவால்கள் பழத்தை முழுதாக விழுங்குவதில்லை. மென்று, சாற்றை உறிஞ்சிவிட்டு, சக்கையைத் துப்பிவிடும். மரத்தடி முழுக்க அந்தச் சக்கைதான். எல்லாம் காட்டாருடைய குன்றிமணியில் வாங்கிய பழம். சாறு வௌவாலுக்குப் போயிருந்தது.

கொம்பையா ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றான். பிறகு அந்தச் சக்கையைப் பொறுக்கினான். அவனுக்குப் பக்கத்தில் யாரோ பொறுக்குகிற சத்தம் கேட்டது. அணில் ஒன்று. அதற்கப்பால் உலகம்மாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கீறல் வழியாகக் கொடுத்தான். பேச்சியம்மாள் வாயில் வைத்துப் பார்த்தாள்.

“சாறே இல்லியே. இது என்ன பழம்?”

கொம்பையா சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் சக்கையைத் தன் எச்சிலில் நனைத்து நனைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டினாள்.

பெரிய குஞ்சு பிழைத்துக்கொண்டது. சிறியதால் முடியவில்லை. மழை விட்ட அன்று காலை பேச்சியம்மாள் அதைக் கீறல் வழியாக வெளியே கொடுத்தாள். கீறல் குறுகலாகத்தான் இருந்தது. அதன் உடம்புக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கொம்பையா அதை அலகில் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில் மைனாக்கள் காலைக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தன. விற்றதை வாங்க ஆளில்லாததால் கணக்கு மாறவே இல்லை. கொம்பையா கடைசியாக வாங்கியதையும் சேர்த்து, ஒன்றுகூடப் பிசகாமல் கத்தின.

“கொம்பையாவுக்கு நாப்பத்து நாலு வான்காசு! கொம்பையாவுக்கு நாப்பத்து நாலு வான்காசு!”

அடுத்த வாரம் ஆமையாரை எல்லோருமாகச் சேர்ந்து நிமிர்த்திப் போட்டார்கள். ஆமையார் தூசியைத் தட்டிக்கொண்டு, நாலு காயை உடைத்துப் புதிய குன்றிமணி எடுத்தார். இனிமேல் பத்துக்கு இரண்டு காவல் கூலி என்று அறிவித்தார். எல்லோரும் வரிசையில் நின்று, “பரவாயில்லை, பரவாயில்லை!” என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். “நாளைக்கு வாங்கடே” என்று சொன்னபோதுகூட யாருக்கும் கோபம் வரவில்லை. குட்டுப்பட்ட தலைக்கு ஆமை ஓடுகூட மெத்தென்று இருந்திருக்கும்.

மறு வருஷம் முட்டையிடும் காலம் வந்தது. பேச்சியம்மாள் பழைய பொந்துக்குப் போகவில்லை. அத்திமரத்துக்கு எதிரே ஒரு பொந்தைத் தேடிப் பிடித்தாள். உள்ளே போவதற்கு முன்னால் மரத்தில் காய்த்திருந்த காய்களை ஒருமுறை தானே கண்ணால் பார்த்தாள். பிறகுதான் வாசலைப் பூசினாள். கீறலை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக விட்டாள்.

ஏன் என்று சீக்கிரமே தெரிந்தது. ஒருநாள் கொம்பையா பொந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது பறக்கும் அணில் ஒன்று மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியது.

“வான்காசு எல்லாம் ஏமாத்து வேலை அண்ணாச்சி! நான் கொண்டாந்திருக்குறது மேகக்காசு! இதுல யாரையும் நம்பவே வேண்டாம்!”

“அப்படியா?” என்றான் கொம்பையா. எல்லாம் பட்டவன்தான். ஆனாலும் கழுத்து அந்தப் பக்கம் தானாகத் திரும்பியது. ஒரு அடி முன்னால் வைத்தான். இரண்டாவது அடி வைக்க முடியவில்லை. கீறலிலிருந்து நீண்ட அலகு ஒன்று அவனுடைய வால் இறகைக் கவ்விப் பிடித்திருந்தது.

“அதைக் குடுத்தா ஒரு அத்திப்பழம் தருவாகளான்னு கேளுங்க!” என்றாள் பேச்சியம்மாள், பிடியை விடாமல் பல்லைக் கடித்தபடி பேசுகிறவளைப் போல.

கொம்பையா கேட்டான். பறக்கும் அணில் அதற்குக் காற்று, மூச்சு, வருங்காலம் என்று என்னென்னவோ சொன்னது. அத்திப்பழத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

யாரையும் நம்பவேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் தன்னை மட்டும் நம்பச் சொல்லித்தான் வருகிறான். அவன் கையில் உன் குன்றிமணியைக் கொடுக்கும் முன், அவன் தருகிறதைக் கொடுத்தால் ஒரு பழமாவது கிடைக்குமா என்று கேட்டுவிடு.